செட்டிநாட்டுச் செம்மண்ணில் காசித்தும்பை: விதையில் தொடங்கி விதை வரை

எங்கள் ஆயா, அதாவது பாட்டி, வீட்டுப் பின்கட்டில், கிணற்றடியிலிருந்து துவைக்கிற கல் வரைக்கும் ஐப்பசி மாதத்தில் ஒரே ரோஸ் நிறமாக இருக்கும். யாரும் வரிசை பிடித்து நட்டதில்லை. இரண்டு மழை பெய்து ஓடெல்லாம் கறுத்து நிற்கிற நாட்களில், முழங்கால் உயரச் செடிகள் தண்டோடு ஒட்டினாற்போல் பூத்து நிற்கும். ஒற்றை அடுக்குப் பூ. வெளிர் ரோஸ், தொண்டைப் பக்கம் மட்டும் கொஞ்சம் அடர்த்தி. அதுதான் காசித்தும்பை.

இன்றைக்கு அந்த ஒற்றை ரோஸைத் தேடிப் பாருங்கள், லேசில் கிடைக்காது. கடைகளில் விற்கிற பாக்கெட்டுகளில் இருப்பது பெரும்பாலும் ரோஜா மாதிரி அடுக்கடுக்காகப் பூக்கிற கலவை வகை. அதுவும் அழகுதான், குறை சொல்லவில்லை. ஆனால் பழைய ஒற்றைப்பூ, வருடா வருடம் விதை எடுத்து வைக்கிறவர்கள் வீட்டில் மட்டுந்தான் இருக்கிறது. ஒரு வருடம் எடுக்காமல் விட்டால் போயிற்று. அதனால் பூ பார்ப்பதோடு நிறுத்தாமல், அடுத்த வருடத்து விதையைக் கையில் வாங்குகிற வரைக்கும் எழுதுகிறேன். அடுக்குப்பூ வளர்க்கிறவர்களுக்கும் இதில் முக்கால்வாசி பொருந்தும்.

செடியைத் தெரிந்துகொள்ளுங்கள்

பெயரில் தும்பை இருந்தாலும் தும்பைக்கும் இதற்கும் உறவு கிடையாது. தும்பை துளசிக் குடும்பம், வெள்ளைப் பூ. காசித்தும்பை வேறு குடும்பம். 1753-ல் லின்னேயஸ் இதற்கு வைத்த பெயர் இம்பேஷன்ஸ் பால்சமினா. இம்பேஷன்ஸ் என்றால் லத்தீனில் பொறுமை இல்லாதது என்று பொருள். முற்றிய காயைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு ஏன் இந்தப் பெயர் என்று சொல்ல வேண்டியதில்லை.

இந்தியாவும் மியான்மரும் இதன் சொந்த மண். மழை நன்றாகப் பெய்கிற இடங்களில், நிழலும் ஈரமும் உள்ள ஓரங்களில் தானாக முளைக்கிற காட்டுப்பூ. வீட்டுத் தோட்டத்துக்குள் வந்து எத்தனையோ தலைமுறை ஆகிவிட்டது, ஆனாலும் குணம் மாறவில்லை. ஒரு பருவச் செடி. முளைத்து, பூத்து, காய்த்து, நாலைந்து மாதத்தில் ஆயுள் முடிந்துவிடும்.

இளஞ்செடி ஒன்றைக் காலை வெயிலுக்கு எதிராகப் பிடித்துப் பாருங்கள். தண்டுக்குள் வெளிச்சம் ஊடுருவும். அத்தனையும் தண்ணீர். மரத்தன்மை கொஞ்சமும் கிடையாது. ரோஸ், சிவப்புப் பூ பூக்கிற செடியின் தண்டில் செம்மை ஓடியிருக்கும். வெள்ளைப் பூச்செடியின் தண்டு வெளிர் பச்சை. நாற்றிலேயே பூவின் நிறத்தை ஏறக்குறைய ஊகிக்க இது உதவும்.

தண்ணீரால் ஆன இந்தத் தண்டுதான் மொத்தப் பராமரிப்புக்கும் அடிப்படை. ஈரம் குறைந்தால் அரை நாளில் துவண்டுவிடும். தண்ணீர் தேங்கினால் இரண்டு நாளில் அழுகிவிடும். நம் பக்கம் மேலே செம்மண், கீழே சரளை. வெயிலில் கல்லாகக் காயும், அடைமழையில் தண்ணீரை இறங்கவிடாது. இந்த இரண்டுக்கும் நடுவில் செடியைக் காப்பாற்றுவதுதான் வேலை. மற்றதெல்லாம் சுலபம்.

எப்போது விதைப்பது

செட்டிநாட்டுக்குப் பெரிய மழை ஐப்பசி, கார்த்திகையில். ஆடி, ஆவணியில் சாயங்காலம் இடியோடு ஒரு மழை வந்து போகும். ஆடிப்பட்டம் தேடி விதை என்பது வயலுக்குச் சரி. காசித்தும்பைக்கு நான் ஆவணிப் பாதி வரை பொறுப்பேன். ஆடிக் காற்றில் மெல்லிய நாற்று கருகிப்போகிறது.

விதைத்ததிலிருந்து பூவுக்கு 60 முதல் 70 நாள். ஆவணி 15-ஐ ஒட்டி, அதாவது ஆகஸ்ட் கடைசியில் விதைத்தால் ஐப்பசிப் பாதியில் முதல் பூ வந்துவிடும். திருக்கார்த்திகைக்குச் செடி நிறையப் பூ இருக்கும். அதற்கு 21 நாள் கழித்து வருகிற பிள்ளையார் நோன்புக்கும் மிச்சம் இருக்கும். நோன்புக்கு உரிய பூ ஆவாரம்பூதான், அதை மாற்றச் சொல்லவில்லை. நடுவீட்டுக் கோலத்தின் ஓரத்தில் நாலு ரோஸ் பூ வைத்தால் மாவின் வெள்ளை இன்னும் எடுப்பாகத் தெரியும்.

புரட்டாசி 10-க்குள் இன்னொரு சட்டி விதைத்துக்கொண்டால் தைப் பொங்கல் வரைக்கும் பூ இருக்கும். தைக்கு மேல் விதைக்காதீர்கள். பூக்கிற நேரத்தில் பங்குனி வெயில் வந்து சேரும்.

இடம்

காலை வெயில் நாலு மணி நேரம், உச்சிக்கு மேல் நிழல். இப்படி ஓர் இடத்தைக் கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. நம் வீடுகளில் அதற்கு வாகான இடம் தோட்டத்துச் சுவரின் கிழக்குப் பக்கம். சுவரே மத்தியான வெயிலைத் தடுத்துவிடும். முருங்கை மரத்தின் சல்லடை நிழலும் பொருந்தும்.

வளவுக்குள், அதாவது வீட்டு நடு முற்றத்தில், வைக்கலாமா என்று கேட்பார்கள். வளவில் வெயில் உச்சி நேரத்தில் மட்டும் சுள்ளென்று இறங்கும், அது இந்தச் செடிக்கு ஆகாது. தொட்டியில் வைத்து, தாழ்வாரத்து ஓரத்தில் தள்ளி வைத்தால் பிழைக்கும். அப்போதும் தொட்டிக்கு அடியில் தட்டு வையுங்கள். எருத் தண்ணீர் இறங்கினால் தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல்லில் கறை பிடித்துக்கொள்ளும், எளிதில் போகாது.

அதைவிட முக்கியமாகப் பார்க்க வேண்டியது ஓட்டுத் தண்ணீர். ஓட்டுச் சரிவிலிருந்து மழைத் தண்ணீர் நூல் பிடித்தாற்போல ஒரே கோட்டில் விழும். அந்தக் கோட்டில் நட்ட செடி ஒன்றுகூட நிற்காது, தண்டு முறிந்துபோகும். மழை பெய்யும்போது போய்ப் பார்த்துவிட்டு, அந்தக் கோட்டிலிருந்து இரண்டடி தள்ளிப் பாத்தி போடுங்கள்.

மண்ணும் பாத்தியும்

பாத்தி போடுவதற்கு முன்னால் ஒரு சோதனை. ஓரடி ஆழத்துக்குக் குழி தோண்டி, ஒரு வாளித் தண்ணீர் ஊற்றுங்கள். அது வடிந்ததும் இன்னொரு வாளி. இரண்டாவது வாளி ஒரு மணி நேரத்தில் இறங்கினால் நல்ல மண். நாலு மணி நேரம் கழித்தும் குழியில் தண்ணீர் மினுங்கினால், அடியில் செம்புறாங்கல் சரளை இறுகிக் கிடக்கிறது என்று பொருள். அங்கே மேட்டுப்பாத்தி தவிர வேறு வழியில்லை.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். தனியாகத் தோட்டம் போட ஆரம்பித்த இரண்டாவது வருடம், துவைக்கிற கல்லை ஒட்டிய தாழ்வான இடத்தில் முப்பது நாற்று நட்டிருந்தேன். ஈரமாக இருக்கிறதே, தண்ணீர் ஊற்றுகிற வேலை மிச்சம் என்ற கணக்கு. தீபாவளியை ஒட்டி நாலு நாள் மழை விடவில்லை. ஐந்தாம் நாள் காலையில் போய்ப் பார்த்தால், மண்ணோடு ஒட்டிய இடத்தில் ஒவ்வொரு தண்டும் பழுப்பாகிக் கண்ணாடி மாதிரி இருந்தது. விரல் பட்டதும் குழைந்தது. மேலே பூ அப்படியே சிரித்துக்கொண்டிருக்கிறது, கீழே கால் இல்லை. மூன்று நாளில் முப்பதும் போய்விட்டன. அத்தனை விதையையும் நட்டிருந்தேன், வீட்டில் ஒன்றுகூட மிச்சம் வைக்கவில்லை.

பள்ளத்தூரில் எங்களுக்குச் சொந்தக்கார ஆச்சி ஒருவர் இருந்தார். அவரிடம் போய்ச் சொன்னதும் அடுக்களை அலமாரியிலிருந்து ஒரு தீப்பெட்டியை எடுத்துக் கொடுத்தார். குலுக்கினால் கலகலவென்றது. “எல்லாத்தையும் மண்ணுக்குக் குடுத்துப்புட்டு நிக்காதத்தா. பாதிய வீட்டுக்குள்ள வையி” என்றார். இப்போது என்னிடம் இருக்கிற செடியெல்லாம் அந்தத் தீப்பெட்டியின் வம்சம்.

சரி, பாத்திக்கு வருவோம். மூன்றடி அகலம், ஆறடி நீளம் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பக்கமும் நின்று கை எட்டுகிற அகலம் அது. ஓரடி ஆழம் கொத்தி, பெரிய சரளைக் கல்லைப் பொறுக்கிவிட்டு, இரண்டு சட்டி மக்கிய மாட்டெரு, அரை கிலோ வேப்பம் புண்ணாக்கு போட்டுக் கலக்குங்கள். மண் பிசுபிசுப்பாக இருந்தால் ஒரு சட்டி மணலும் சேருங்கள். தரையிலிருந்து அரை அடி உயரமாகப் பாத்தியை அணைத்து, சுற்றிலும் ஒரு கை அகலத்துக்கு வாய்க்கால் இழுத்துவிடுங்கள். தண்ணீர் ஊற்றி ஒரு வாரம் ஆறப்போட்டால் களை முளைத்துவிடும். அதைப் பிடுங்கிவிட்டு நடலாம்.

பழைய வீட்டுக்காரர்களுக்கு மட்டும் ஒரு விஷயம். பின்கட்டில் எப்போதோ இடித்த சுவரின் சுண்ணாம்புக் காரை மண்ணுக்குள் புதைந்து கிடக்கும். கொத்தும்போது வெள்ளைக் கட்டிகள் வந்தால் அந்த மண் வேண்டாம். நம் செம்மண் லேசான அமிலத்தன்மை உள்ளது, காசித்தும்பைக்கு அது பிடிக்கும். சுண்ணாம்பு கலந்த மண்ணில் செடியால் இரும்புச் சத்தை எடுக்க முடியாது. நரம்பு பச்சையாக இருக்க, நடுவில் இலை மஞ்சளாகும். எத்தனை எரு போட்டாலும் அது தீராது. இடத்தை மாற்றுவதுதான் வைத்தியம்.

தொட்டியில் வளர்ப்பதானால் பத்து அங்குல வாய் உள்ள மண் தொட்டிக்கு ஒரு செடி. செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, மக்கிய எரு ஒரு பங்கு. அடி ஓட்டையில் ஓட்டுச் சில்லு ஒன்றைக் கவிழ்த்து வைக்க மறக்காதீர்கள்.

விதைப்பு

விதை பழுப்பாக, உருண்டையாக, கடுகைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்கும். நேரடியாகப் பாத்தியிலும் தூவலாம். ஆனால் ஒரு மழை அடித்துக் காய்ந்தால் செம்மண் மேலே பொருக்குக் கட்டிவிடும், முளை அதை முட்டிக்கொண்டு வர முடியாமல் உள்ளேயே வெளுத்துப்போகும். அதனால் நாற்று விட்டு நடுவதே மேல்.

நாற்றுக்கு நான் வைத்திருப்பது அடி ஓட்டை விழுந்த மங்குச் சட்டி, அதாவது எனாமல் பூசிய பழைய சட்டி. பரணில் தேடினால் எந்த வீட்டிலும் ஒன்று அகப்படும். அகலமாக, ஆழம் குறைவாக இருப்பதால் நாற்றுக்கு என்றே செய்த மாதிரி இருக்கும். ஓட்டை போதாவிட்டால் ஆணியால் நாலைந்து போட்டுக்கொள்ளுங்கள். அலசிய தேங்காய்நார்க் கழிவு பாதி, சலித்த செம்மண் கால், மக்கிய எரு கால் சேர்த்து நிரப்பி, தண்ணீர் தெளித்து ஈரமாக்குங்கள்.

விதைகளை ஓர் அங்குல இடைவெளியில் வைத்து, மேலே கோலமாவு தூவுகிற மாதிரி மெல்லிசாக மண் தூவுங்கள். விதை மறைந்தும் மறையாமலும் இருந்தால் போதும். ஆழமாகப் புதைத்தால் முளைக்காது. சட்டியை நல்ல வெளிச்சம் உள்ள நிழலில், தண்ணீர் ஊற்றிய தாம்பாளத்துக்குள் ஒரு செங்கல் வைத்து அதன்மேல் வையுங்கள். இது எறும்புக்காக. இல்லாவிட்டால் ஒரே ராத்திரியில் விதையெல்லாம் எறும்புப் புற்றுக்குப் போய்விடும். தாம்பாளத் தண்ணீரை இரண்டு நாளைக்கு ஒருமுறை மாற்றுங்கள், கொசு முட்டையிடும்.

ஐந்தாம் நாள் முதல் பத்தாம் நாளுக்குள் முளைக்கும். தடித்த, வட்டமான இரண்டு வித்திலைகள் வரும். இந்தக் கட்டத்தில் வருகிற ஆபத்து நாற்றழுகல். நேற்று நேராக நின்ற நாற்று இன்று காலை அடியில் நூலாக இளைத்துப் படுத்துக் கிடக்கும். காலையில் மட்டும் தண்ணீர் தெளியுங்கள். இரவு முழுக்க ஈரத்தோடு விடாதீர்கள். நாற்று நெருக்கமாக இருந்தால் பாதியைக் கலைத்துவிடுங்கள், மனசு கேட்காவிட்டாலும். விதைக்கும் முன் எருவில் ஒரு கைப்பிடி டிரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூஞ்சையைக் கலந்து வைத்தால் இந்த நோய் வெகுவாகக் குறையும். வேளாண் இடுபொருள் கடைகளில் பொடியாகக் கிடைக்கும்.

நடவு

மூன்று, நாலு வாரத்தில் நாற்று மூன்று அங்குலம் உயர்ந்து நாலு இலை விட்டிருக்கும். அப்போதே நட்டுவிடுங்கள். அரை அடிக்கு மேல் வளரவிட்டு நட்டால் வேர் பிடிக்கத் தாமதமாகும்.

மோடம் போட்ட சாயங்காலமாகப் பார்த்து நடுங்கள். நாற்றைத் தண்டில் பிடித்துத் தூக்காதீர்கள், நசுங்கிய தண்டு ஆறாது. கரண்டிக் காம்பால் மண்ணோடு பெயர்த்து உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு போக வேண்டும். சட்டியில் எவ்வளவு ஆழத்தில் இருந்ததோ அதே ஆழம். தண்டைப் புதைத்து நட்டால் அழுகல் சீக்கிரம் பிடிக்கும். செடிக்குச் செடி ஓரடி. மேற்கே ஒரு பனையோலைத் துண்டைச் செருகி மூன்று நாள் நிழல் கொடுங்கள்.

நுனி கிள்ளலாமா? கிள்ளினால் பக்கக் கிளை வரும், செடி குடையாகும். ஆனால் காசித்தும்பைக்கு நடுத்தண்டில்தான் பூ நெருக்கமாக வரும், கிள்ளினால் பூக்கவும் தாமதமாகும். நான் கிள்ளுவதில்லை. நேராக ஒரே தண்டில் அடியிலிருந்து நுனி வரை பூத்து நிற்பதுதான் இதன் அழகு.

தண்ணீர்

புரட்டாசி வெயிலில் பாத்திக்குத் தினம் ஒருவேளை, தொட்டிக்கு இரண்டு வேளை. ஊற்றும் முன் ஆள்காட்டி விரலை இரண்டு கணு மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். நுனியில் மண் ஈரமாக ஒட்டினால் அன்றைக்கு வேண்டாம்.

மத்தியானம் இரண்டு மணிக்கு இலையெல்லாம் தொங்கிக் கிடப்பதைப் பார்த்துப் பதறி வாளியோடு ஓடாதீர்கள். வெயில் தாழ்ந்து ஐந்து மணிக்குப் பாருங்கள். தானாக நிமிர்ந்திருந்தால் அது வெறும் வெயில் களைப்பு. காலை ஏழு மணிக்கே துவண்டிருந்தால்தான் கவலைப்பட வேண்டும். அப்போது மண்ணைத் தொடுங்கள். காய்ந்திருந்தால் தாகம், தண்ணீர் ஊற்றுங்கள். ஈரமாக இருந்தும் துவண்டிருந்தால் வேரோ தண்டோ அழுகுகிறது, ஊற்றினால் சாவு சீக்கிரம் வரும். காசித்தும்பை போகிறது என்று என்னிடம் சொல்பவர்களில் பாதிப்பேர் இந்த இரண்டாவது நிலையில் தண்ணீர் ஊற்றியவர்கள்தான்.

தண்ணீர் எது என்பதும் முக்கியம். காரைக்குடிக்காரர்களுக்குச் சம்பை ஊற்றுத் தண்ணீரின் ருசி தெரியும், ஆனால் எல்லார் வீட்டு ஆழ்துளைக் கிணற்றிலும் அப்படி வருவதில்லை. தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் படிந்து, இலை ஓரம் பழுப்பாகக் காய்ந்தால் உப்புத் தண்ணீர் என்று அர்த்தம். ஓட்டுத் தண்ணீரை அண்டாவிலும் கிடாரத்திலும் பிடித்து வைத்த வீடுகள் நம்முடையவை. அதையே இன்றைக்கு ஒரு பிளாஸ்டிக் பீப்பாயில் செய்யலாம். முதல் மழையைத் தூசியோடு போகவிட்டு, இரண்டாவது மழையைப் பிடித்துக் கொசுவலை கட்டி வையுங்கள். அந்தத் தண்ணீருக்குச் செடி எப்படித் தெளிகிறது என்பது ஒரே வாரத்தில் தெரியும்.

செடியைச் சுற்றி நிலக்கடலைத் தோலோ காய்ந்த சருகோ இரண்டு அங்குலக் கனத்தில் பரப்புங்கள். ஈரம் நிற்கும், மழையில் செம்மண் தெறித்து இலையில் அப்பாது. தண்டை ஒட்டி மட்டும் இரண்டு விரல் இடம் விடுங்கள்.

அடைமழை தொடங்கினால் வேலை தலைகீழ். தண்ணீரை நிறுத்திவிட்டு, வாய்க்காலில் சருகு அடைத்திருக்கிறதா என்று தினமும் பாருங்கள். பரப்பிய மூடாக்கை ஒதுக்கித் தண்டின் அடி காற்றாட விடுங்கள். உயரமான செடிக்குப் பக்கத்தில் ஒரு துவரங்குச்சி ஊன்றி, ஈர வாழை நாரால் தளர்வாக ஒரு கட்டு. இறுக்கினால் கட்டிய இடத்திலேயே அறுந்துவிடும்.

உரம்

அதிகம் வேண்டாம். நட்டு மூன்று வாரத்தில் செடிக்கு ஒரு கைப்பிடி மண்புழு உரம், மொட்டு வரும்போது இன்னொரு கைப்பிடி. யூரியா போட்டால் இலை தழைக்கும், பூ குறையும், தண்டு இன்னும் மெதுமெதுவாகி அழுகலுக்கு வழி கொடுக்கும்.

பூக்கும்போது

பூவைப் பின்பக்கமாகத் திருப்பிப் பாருங்கள். மெல்லிய வால் ஒன்று வளைந்து தொங்கும். தேன் அந்த வாலுக்குள் இருக்கிறது. முன்பக்கம், பூவின் வாய்க்கு மேலே வெள்ளைத் தொப்பி மாதிரி ஒன்று இருக்கும். மகரந்தப் பைகள் ஐந்தும் ஒட்டிக்கொண்டு ஆனதுதான் அந்தத் தொப்பி, பூவின் பெண் பாகமான சூல்முடியை அது மூடியிருக்கிறது. தேனுக்கு நுழைகிற தேனீயின் முதுகில் மகரந்தம் பூசப்படும். பிறகு தொப்பி கழன்று விழும், அதன் பின்தான் சூல்முடி வெளியே தெரியும். ஒரே பூ முதலில் ஆணாகவும் அப்புறம் பெண்ணாகவும் இருக்கிறது. காலை நேரத்தில் ஒரே செடியில் தொப்பி உள்ள பூவையும் இல்லாத பூவையும் பக்கம் பக்கமாகக் காணலாம். பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்.

இதனால் ஒரு சங்கடமும் உண்டு. தேனீ ஒரு செடியின் மகரந்தத்தை இன்னொன்றுக்குக் கொண்டுபோகும். ஒற்றை ரோஸுக்குப் பக்கத்தில் சிவப்பு அடுக்குப்பூத் தொட்டி வைத்தால், அடுத்த வருட விதையில் என்ன வரும் என்று சொல்ல முடியாது. பழைய வகையைக் காப்பாற்ற நினைக்கிறவர்கள் தோட்டத்தில் அதை மட்டும் வளருங்கள். இரண்டும் வேண்டுமானால் ஒரு வருடம் இது, ஒரு வருடம் அது.

இலைக்காம்பில் சிறு புள்ளிகள் மாதிரி சுரப்பிகள் இருக்கும். அதில் கசிகிற இனிப்புக்கு எறும்பு வரும். செடிக்குக் கெடுதல் இல்லை, மருந்து அடிக்க வேண்டாம்.

காம்பு மெலிதாக இருப்பதால் சரம் தொடுக்க உதவாது. உருளியில் தண்ணீர் விட்டு மிதக்கவிட்டால் நாள் முழுக்க வாடாது. கொரியாவில் இந்தப் பூவைப் படிகாரம் சேர்த்து அரைத்து நகத்தில் வைத்துக் கட்டிச் சிவக்க வைப்பார்கள். நம் மருதாணியில் இருக்கிற லாசோன் சாயம் இதிலும் உண்டு. சின்னப் பிள்ளைகள் செடியை வாயில் வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், பச்சையாகத் தின்கிற செடி இல்லை.

பூச்சியும் நோயும்

விரல் பருமனுள்ள, பின்பக்கம் கொம்பும் உடம்பில் கண் மாதிரிப் புள்ளிகளும் கொண்ட புழு வரும். அந்துப்பூச்சிப் புழு. ஒரே ராத்திரியில் ஒரு செடியை மொட்டையாக்கிவிடும். மருந்து வேண்டாம். இலைக்கு அடியில் கரும்பச்சைப் புழுக்கை கிடந்தால் நேர் மேலே பாருங்கள், புழு அங்கேதான் இருக்கும். கையால் எடுத்து அப்புறப்படுத்தினால் தீர்ந்தது.

மார்கழிப் பனியில் இலைமேல் விபூதி பூசியது போல் வெள்ளை படரும். சாம்பல் நோய். முதல் இலையிலேயே கிள்ளி எறிந்துவிட்டு, ஒரு பங்கு பாலில் ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து வாரம் ஒருமுறை காலை வெயிலில் தெளியுங்கள். பாதிச் செடி வெளுத்த பிறகு தெளித்துப் பயனில்லை.

அசுவினியும் மாவுப்பூச்சியும் வந்தால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கரைய நாலு சொட்டுச் சோப்புக் கரைசல். வெயில் தாழ்ந்த பின் அடியுங்கள், வெயிலில் அடித்தால் இலை கருகும்.

காரணமே தெரியாமல் செடி குன்றி நின்றால் ஒன்றைப் பிடுங்கி வேரைப் பாருங்கள். மணி மணியாக முடிச்சு இருந்தால் நூற்புழு. அந்தப் பாத்தியில் அடுத்த வருடம் காசித்தும்பை வேண்டாம், செண்டுமல்லி போடுங்கள், அது நூற்புழுவைக் குறைக்கும். வருடா வருடம் ஒரே இடத்தில் நடாமல் இடம் மாற்றினால் இந்தத் தொல்லை வருவது அரிது.

தண்டழுகல் வந்த செடிக்கு வைத்தியம் இல்லை. மண்ணோடு அள்ளி வெளியே போட்டுவிட்டு, அந்த இடத்தைக் காயவிடுங்கள். உரக்குழியில் போடாதீர்கள்.

விதை எடுப்பது

முதல் பூ வந்து பத்து நாளுக்குள் நல்ல செடி நாலைத் தேர்ந்தெடுத்து, அடித்தண்டில் சிவப்பு நூலைத் தளர்வாகக் கட்டிவிடுங்கள். உங்களுக்குப் பிடித்த ரோஸ், நோயில்லாத இலை, மழையில் சாயாத தண்டு, இந்த மூன்றையும் பாருங்கள். மற்றச் செடிகளில் பிஞ்சைக் கிள்ளிவிட்டால் அவை இன்னும் சில வாரம் கூடுதலாகப் பூக்கும். நூல் கட்டியவற்றில் கிள்ளாதீர்கள்.

காய் நடுவில் பருத்து, இரண்டு முனையும் கூம்பி, மேலெல்லாம் பூனை முடி போல மென்மையான ரோமத்தோடு இருக்கும். பிஞ்சு அடர் பச்சை. முற்ற முற்ற வெளிறி மஞ்சள் தட்டும், பக்கவாட்டில் விதைகள் புடைத்துத் தெரியும். இந்த நிலையில் இடது உள்ளங்கையைக் குழித்துக் காயைச் சுற்றி மூடிக்கொண்டு, கட்டை விரலால் நுனியை லேசாக அழுத்துங்கள். கைக்குள் ஒரு துள்ளல் தெரியும். ஐந்து தோல்களும் சுருண்டு புழு மாதிரி நெளிந்துகொண்டிருக்க, விதைகள் உள்ளங்கையில் சிதறிக் கிடக்கும். கை மூடாமல் தொட்டால் அத்தனையும் பாத்திக்கு வெளியே பறந்துவிடும். காயின் தோலுக்குள் தண்ணீர் அழுத்தத்தால் ஏறியிருக்கிற முறுக்குத்தான் அந்த வேகம்.

விதை பழுப்பாக இருந்தால் முற்றியது. வெள்ளையாக இருந்தால் அவசரப்பட்டுவிட்டீர்கள், அது முளைக்காது. தினமும் பார்க்க நேரமில்லாதவர்கள் கொசுவலைத் துணியில் சின்னப் பை தைத்து, பருத்த காய்க்கொத்துக்கு மாட்டி வாயைச் சுருக்கிக் கட்டுங்கள். வெடித்தாலும் பைக்குள்ளேயே கிடக்கும். மழை நாளில் பையைக் கழற்றிவிடுங்கள், ஈரம் தங்கினால் பூசணம் பிடிக்கும்.

எடுத்த விதையை ஒரு தட்டில் பரப்பி நிழலில் ஒரு வாரம் காயவையுங்கள். வெயிலில் வேண்டாம். காய்ந்ததும் சலித்த அடுப்புச் சாம்பலை ஒரு சிட்டிகை சேர்த்துப் பிசறி, காகிதப் பொட்டலமாகக் கட்டி, மூடி இறுக்கமான கண்ணாடிப் பாட்டிலில் போட்டு, சூடு படாத அலமாரியில் வையுங்கள். பொட்டலத்தின் மேல் எடுத்த மாதத்தையும் வருடத்தையும் பூவின் நிறத்தையும் எழுதுங்கள். மூன்று பொட்டலமாகக் கட்டுங்கள். ஒன்று வரும் ஆவணிக்கு. ஒன்று, மழை எல்லாவற்றையும் அழித்துவிட்டால் அதற்கு அடுத்த ஆவணிக்கு. மூன்றாவதை வேறு ஊரில் இருக்கிற சொந்தக்காரர் யாராவது ஒருவரிடம் கொடுத்து வையுங்கள். என்னுடைய மூன்றாவது பொட்டலம் ஒவ்வொரு தை மாதமும் பள்ளத்தூருக்குப் போகிறது.